ஆறு குறையும் ஆண்டில் நிலத்தடி இருப்பை வெளியே எடுப்பது எப்படி?

ஆற்றில் தண்ணீர் மிஞ்சும் ஆண்டுகளில் அதைக் கசிவுக் குளங்கள் வழியாகவோ செலுத்துக் கிணறுகள் வழியாகவோ நிலத்துக்குள் இறக்கி வைக்கும் பழக்கம் உலகின் பல இடங்களில் வேரூன்றிவிட்டது. இறக்குவதற்கு விரிவான திட்டம் இருக்கும், நிதி இருக்கும், அடிக்கல் நாட்டு விழாகூட இருக்கும். திரும்ப எடுப்பதற்கோ ஆவணத்தின் கடைசியில் ஒரே ஒரு வரி இருக்கும்: ‘தேவைப்படும்போது மீட்டுக்கொள்ளப்படும்.’ அந்த ஒரு வரியை எப்படி உண்மையான திட்டமாக மாற்றுவது என்பதற்கான வழிகாட்டி இது.

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். தட்டுப்பாட்டு ஆண்டில் மொத்த இருப்பு தீர்ந்து நின்றுபோகும் அமைப்புகள் குறைவு. நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்க முடியும், அதை எந்த இடத்தில் எடுக்க முடியும் என்ற இரண்டு கேள்விகளில்தான் வண்டி நிற்கும். பூமிக்கடியில் பத்து ஆண்டுக்கான தண்ணீர் இருந்தும் கோடையில் நகரத்துக்குப் பாதிதான் கொடுக்க முடிந்தது என்றால், குறை கிணறுகளிலும் குழாய்களிலும் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது.

இந்த வேலையில் அதிக முன்னனுபவம் உள்ள இடங்களில் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். 1996இல் அங்கே தண்ணீர் வங்கி ஆணையம் அமைக்கப்பட்டது. கொலராடோ ஆற்றின் தண்ணீரில் 40 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 490 கோடி கன மீட்டருக்கு மேல், அது நிலத்தடியில் சேர்த்திருக்கிறது. அந்த ஆணையமும் மாநில நீர்வளத் துறையும், கொலராடோ நீரை மாநிலத்துக்குள் கொண்டுவரும் மத்திய அரிசோனாக் கால்வாயின் நிர்வாகமும் சேர்ந்து உருவாக்கிய கூட்டு மீட்புத் திட்டம் வெளிவந்தது 2014இல். எடுக்கும் திட்டம் போடும் திட்டத்துக்கு எவ்வளவு பின்னால் வருகிறது என்பதற்கு இந்த 18 ஆண்டு இடைவெளியே போதும். கீழே அங்கங்கே அந்த மாநிலத்தின் விதிகளை எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறோம்.

பற்றாக்குறையை நாள் கணக்குக்கு இறக்குங்கள்

‘30 சதவீதம் குறையும்’ என்பதை வைத்துத் திட்டம் போட முடியாது. எந்த மட்டத்தில் வெட்டு தொடங்குகிறது, யாருக்கு முதலில் விழுகிறது, எத்தனை ஆண்டு நீடிக்கலாம், எந்த மாதங்களில் அதிகம் உறைக்கும் என்ற நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கொலராடோவில் 2007இன் வழிகாட்டு நெறிகளும் 2019இன் வறட்சி ஒப்பந்தமும் சேர்ந்து 2026 வரையான காலத்துக்கு இதைப் படிக்கட்டுகளாக வகுத்தன. அந்த ஆற்றின் பெரிய அணைத் தேக்கமான மீட் ஏரியின் மட்டம் (கடல்மட்டத்திலிருந்து) 1,075 அடிக்குக் கீழே போகும் என்று கணிக்கப்பட்டால் அரிசோனா 5,12,000 ஏக்கர்-அடியை விட்டுக்கொடுக்க வேண்டும். 1,050க்குக் கீழே 5,92,000. 1,045க்குக் கீழே 6,40,000. 1,025க்குக் கீழே 7,20,000. மாநிலத்தின் மொத்தப் பங்கே 28 லட்சம்தான். வெட்டின் சுமை மிகப் பெரும்பாலும் மத்திய அரிசோனாக் கால்வாயின் மேல் விழுகிறது; 1968இன் சட்டம் அந்தக் கால்வாயை உரிமை வரிசையில் பின்னால் நிறுத்தியிருக்கிறது. கால்வாய்க்குள்ளும் ஒரு வரிசை உண்டு. முதலில் விவசாயத்துக்கான பங்கு போகும், நகரங்களும் பழங்குடி அரசுகளும் பிறகு. உங்கள் ஆற்றிலும் இப்படி ஒரு வரிசை, எழுதியோ எழுதாமலோ இருக்கும். அதில் உங்கள் இடம் எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இனி கணக்கு. ஒரு நகரத்துக்கு ஆற்றிலிருந்து ஆண்டுக்கு 3 கோடி கன மீட்டர் வருகிறது, கடும் தட்டுப்பாட்டில் 40 சதவீதம் போகும் என்று கொள்வோம். ஈடுகட்ட வேண்டியது 1.2 கோடி கன மீட்டர். 365ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 32,900. கோடை உச்சத்தில் தேவை சராசரியைப்போல 1.4 மடங்கு என்றால் நாளுக்கு 46,000 கன மீட்டர். கிணறுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் எண் இந்த 46,000தான், 1.2 கோடி அல்ல. ஆண்டுச் சராசரியை வைத்துக் கிணறு தோண்டியவர்கள் முதல் கோடையிலேயே லாரி பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு கிணறு நொடிக்கு 50 லிட்டர் தரும், நாளுக்கு 20 மணி நேரம் ஓடும் என்றால் 3,600 கன மீட்டர். 46,000க்கு 13 கிணறு வேண்டும். மோட்டார் எரிவது, குழாய் உடைவது, தரம் சரியில்லாமல் மூடி வைப்பது என்று எப்போதும் இரண்டு மூன்று கிணறுகள் வெளியே நிற்கும். அதனால் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் ஓடும் என்று கணக்கு காட்டுகிற திட்டத்தை நம்பாதீர்கள்.

ஏட்டில் உள்ளதில் எவ்வளவு கைக்கு வரும்?

இறக்கிய அளவு, மீட்க உரிமையுள்ள அளவு, உண்மையில் எடுக்கக்கூடிய அளவு: மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டுக்கும் இடையில் ஆவியாதல், வாய்க்கால் இழப்பு, விதிப்படியான கழிவு ஆகியவை இருக்கின்றன. அரிசோனாவில் கால்வாய் நீரை நீண்டகால இருப்பாகச் சேர்த்தால் பொதுவாக 5 சதவீதம் நிலத்தடிக்கே என்று கழித்துவிடுவார்கள். 100 பங்கு கொண்டுவந்து 2 பங்கு வழியில் போனால், மீதி 98இல் 5 சதவீதம் கழித்து 93.1 உங்கள் கணக்கில் ஏறும். ஏற்கெனவே எடுத்ததையும் வேறொருவருக்கு ஒப்புக்கொண்டதையும் இதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதை இடவாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு வட்டாரத்தில் சேர்த்ததை அடுத்த வட்டாரத்தில் எடுக்க விதி இடம் கொடுக்காத இடங்கள் உண்டு. அரிசோனாவும் அவற்றில் ஒன்று.

மூன்றாவது அளவுக்கு நிலத்தடியைப் பார்க்க வேண்டும். இறக்கிய அதே தண்ணீரைத் தேட வேண்டியதில்லை. நல்ல நீர் உள்ள மணல்-சரளைப் படுகையில் நீங்கள் சேர்த்தது ஒரு மட்ட உயர்வு. குளத்துக்கு அடியில் மேடாக எழும்பிய நீர்மட்டம் ஆண்டுகள் போகப் போகச் சரிந்து பரவும். சுற்றிலும் பாறை அடைத்த படுகை என்றால் பரவினாலும் உள்ளேயே இருக்கும். பக்கத்தில் ஆறோ ஓடையோ ஆழமான வடிகாலோ இருந்தால் அது வெளியே ஒழுகிவிடும்.

எவ்வளவு வேகத்தில் ஒழுகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஆற்றுக்கும் குளத்துக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தை நீர்விடு திறனால் (படுகையின் கன அளவில் வடிந்து வரக்கூடிய நீரின் பங்கு) பெருக்கி, படுகையின் நீர்கடத்து திறனால் (நீரைத் தன் வழியே எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்ற அளவு) வகுத்தால் நாள் கணக்கில் ஒரு காலம் கிடைக்கும். தூரம் 3,000 மீட்டர், நீர்விடு திறன் 0.15, நீர்கடத்து திறன் நாளுக்கு 1,000 சதுர மீட்டர் என்றால் 1,350 நாள். ஒரே வேகத்தில் தொடர்ந்து இறக்கினால், அந்தக் காலம் முடியும்போது இறக்கியதில் சுமார் 28 சதவீதம் ஆற்றுக்கே திரும்பியிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் இருபது ஆண்டுக்கு முந்தைய இருப்பைச் சொத்தாக எண்ணுவது ஏமாற்று.

உவர்நீர்ப் படுகையில் கதை வேறு. அங்கே நல்ல தண்ணீர் உவர்நீருக்குள் ஒரு குமிழாக நிற்கும், ஓரங்களில் கலங்கும். முதல் சில சுழற்சிகளில் மீட்பு குறைவாகத்தான் இருக்கும். நல்ல நீருக்கும் உவர்நீருக்கும் நடுவில் ஒரு பகுதியை இடைச்சுவராக விட்டுவைக்க வேண்டும், அதை என்றைக்கும் எடுக்கக் கூடாது. மீட்பளவை உப்பின் அளவுதான் முடிவு செய்கிறது, கன மீட்டர் அல்ல.

மீட்க மூன்று வழி

நேரடி மீட்பு: கிணற்றிலிருந்து உங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ விநியோகக் குழாய்க்கோ. எளிமையானது, கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில். ஆனால் சேமித்த இடமும் பயன்படுத்தும் இடமும் அருகருகே இருக்க வேண்டும். அரிசோனாவின் டூசான் நகரம் ஆவ்ரா பள்ளத்தாக்கில் செய்வது இதுதான். கசிவுக் குளங்களைச் சுற்றியே கிணறுகளை வைத்து, ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் கலவையாக எடுத்து அனுப்புகிறது.

கால்வாயில் ஏற்றுவது: கிணற்றுநீரைக் கால்வாயில் விட்டு, அதைக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுப்பது. தட்டுப்பாட்டில் கால்வாயில் இடம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் கீழே பலர். ஆர்சனிக், நைட்ரேட், உப்பு ஆகியவற்றுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பு எழுத்தில் வேண்டும். கால்வாய் ஓட்டம் குறைவாக இருக்கும்போது கிணற்றுநீரின் விகிதம் ஏறிவிடும் என்பதால் வரம்பைக் குறைந்த ஓட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள்.

மூன்றாவது, மாற்றிக்கொள்வது. உங்கள் இருப்பு கால்வாயின் கீழ்க்கோடியில், நீங்கள் மேற்கோடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சொந்தக் கிணறுகள் உள்ள ஒரு நகரமோ பாசன அமைப்போ உங்கள் கணக்கிலிருந்து நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளும். தன் கால்வாய்ப் பங்கை உங்களுக்கு விட்டுத்தரும். புதுக் கிணறு தேவையில்லை, நூறு கிலோமீட்டருக்குத் தண்ணீரைத் திருப்பித் தள்ளவும் தேவையில்லை. செலவில் இதை மிஞ்ச வேறு வழி கிடையாது, ஆகவே எல்லாத் திட்டங்களும் இதன் மேல் சாய்கின்றன.

இதில் ஒளிந்திருக்கும் பொறியைப் பலரும் காண்பதில்லை. தட்டுப்பாடு உங்களுக்கு வரும் அதே ஆண்டில் அந்தக் கூட்டாளிக்கும் வரும். கால்வாய்த் தண்ணீரை இழந்து அவர் தன் கிணறுகளைத் தனக்காகவே ஓட்டிக்கொண்டிருப்பார். 2022இல் தட்டுப்பாட்டு வெட்டு வந்தபோது அரிசோனாவின் பினால் மாவட்ட விவசாயிகள் கால்வாயை விட்டு மறுபடி கிணற்றுக்குத் திரும்பினார்கள். ‘அவரிடம் இருபது கிணறு இருக்கிறது’ என்று சாதாரண ஆண்டின் ஓய்வுத்திறனை எழுதி வைத்திருந்தால், தேவைப்படும் ஆண்டில் அதில் பாதிகூட இராது. மேலும், அவரிடம் விட்டுத்தரக் கால்வாய்ப் பங்கு மிஞ்ச வேண்டும். பங்கே வெட்டுப்பட்டிருந்தால் மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? எனவே ஒவ்வொரு கூட்டாளிக்கும் தட்டுப்பாட்டுப் படிக்கட்டு வாரியாக இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: அந்தப் படியில் மிஞ்சும் கிணற்றுத் திறன், அந்தப் படியில் மிஞ்சும் ஆற்றுப் பங்கு. இரண்டில் எது சிறியதோ அதுவே மாற்றுத் திறன். அதே கூட்டாளி வேறொரு நகரத்துக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.

கிணறுகள்: இன்றைய மட்டத்தை நம்பாதீர்கள்

திட்டம் தவறுவது இங்கேதான் அதிகம், ஆகையால் நிதானமாகப் போவோம்.

சோதனை இறைப்பு பெரும்பாலும் நீர்மட்டம் உயர்ந்திருக்கும் காலத்தில், ஒரு கிணற்றை மட்டும் ஓட்டிச் செய்யப்படுகிறது. தட்டுப்பாட்டில் மட்டம் தாழ்ந்திருக்கும், எல்லாக் கிணறுகளும் சேர்ந்து ஓடும். ஒவ்வொரு கிணற்றிலும் இறைக்கும் வேகத்தைக் குறைந்தது நான்கு படிகளில் கூட்டிப் படியிறைப்புச் சோதனை செய்யுங்கள். தொடர்ந்து 72 மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டி, பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றிலும் மட்டத்தை அளவிடுங்கள். பக்கத்துக் கிணற்று அளவு இல்லாத சோதனையில் நீர்விடு திறன் கிடைக்காது.

ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்பதை, இறைப்பால் மட்டம் எவ்வளவு இறங்கும் என்று கணிக்கும் கூப்பர்–ஜேக்கப் வாய்பாட்டில் முதல் சல்லடையாகப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 50 லிட்டர் எடுக்கும் கிணறு, நீர்கடத்து திறன் நாளுக்கு 1,000 சதுர மீட்டர், நீர்விடு திறன் 0.15, 180 நாள் இடைவிடாத ஓட்டம். 300 மீட்டர் தள்ளி நிற்கும் அடுத்த கிணற்றில் இது சுமார் 1.2 மீட்டர் இறக்கும். சின்ன எண்தான். ஆனால் 300 மீட்டர் இடைவெளியில் 13 கிணறு ஒரே வரிசையில் நின்றால், நடுக்கிணற்றில் மற்ற பன்னிரண்டின் இழுப்பும் சேர்ந்து ஏறத்தாழ 6 மீட்டர் ஆகும். (தூரக் கிணறுகளுக்கு இந்தச் சுருக்க வாய்பாடு பிசகும், அதன் மூலமான முழுத் தெய்ஸ் சார்பைப் போட வேண்டும்.) நீர்கடத்து திறன் 200 என்றால் அந்த ஒரே கிணற்றின் 1.2 மீட்டர் 3 மீட்டராகிவிடும்.

பம்ப் இறக்கும் ஆழத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்றைய ஓய்வு மட்டம் 60 மீட்டர். மூன்றாண்டுத் தட்டுப்பாட்டில் படுகை முழுதும் இறங்கும் என எதிர்பார்ப்பது 12. கிணற்றின் சொந்த இறக்கம் 15. பக்கத்துக் கிணறுகளின் இழுப்பு 6. வடிகட்டிக் குழாய் அடைபட்டுக் கூடும் இறக்கத்துக்கு 4. ஆக ஓடும்போது நீர்மட்டம் 97 மீட்டரில் நிற்கும். பம்ப் முழுகி இருக்க இன்னும் 6 மீட்டர், மொத்தம் 103. இன்றைய மட்டத்தையும் சொந்த இறக்கத்தையும் மட்டும் பார்த்தவர் 80 மீட்டரில் நிறுத்தியிருப்பார். அவருடைய பம்ப் இரண்டாம் ஆண்டுக்குள்ளேயே காற்றை இழுக்கும். கிணற்றின் சுவர்க் குழாயான கேசிங்கின் விட்டமும் வடிகட்டிக் குழாய் தொடங்கும் ஆழமும் இந்த 103க்கு இடம் கொடுக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பழைய பாசனக் கிணறுகளில் பல கொடுப்பதில்லை. பம்பை வடிகட்டிப் பகுதிக்குள் நிறுத்தினால் மணல் இழுத்து இம்பெல்லர் (பம்பின் சுழல்தகடு) தேயும்.

பம்பைத் தேர்ந்தெடுப்பதில், தொடக்கத்தில் வேண்டிய ஏற்றத்தையும் கடைசியில் வேண்டியதையும் இரண்டு புள்ளிகளாக வையுங்கள். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் குழாய் உராய்வுக்கும் விநியோக அழுத்தத்துக்கும் 23 மீட்டர் சேர்த்தால் அது 98இலிருந்து 120 மீட்டர். ஏற்றத்துக்கு ஏற்ப நீரளவு மாறுவதைக் காட்டும் வளைகோடு தட்டையாக உள்ள பம்பில் ஏற்றம் கொஞ்சம் கூடினாலே நீரளவு சரிந்துவிடும். செங்குத்தான வளைகோடு உள்ளதை எடுத்து, அதன் சிறந்த திறன் புள்ளி இந்த இரண்டுக்கும் நடுவில் விழும்படி பாருங்கள்.

இடத் தேர்வில் மண் அமிழ்தலையும் மறக்க வேண்டாம். களிமண் படலங்கள் நிறைந்த படுகையில் நீர்மட்டம் முன்பு தொட்ட அடிமட்டத்துக்கும் கீழே போனால் களி நசுங்கித் தரை இறங்கும், அது திரும்ப எழாது. அரிசோனாவின் இலாய் பகுதியிலும் கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கிலும் நடந்தது இதுதான். கால்வாயின் சரிவே கெட்டுப்போகும். எனவே முன்பு தொட்ட அடிமட்டத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சில மீட்டர் மேலேயே உங்கள் நிறுத்தக் கோட்டைப் போடுங்கள். அரிசோனாவில் சேமித்த இடத்தின் தாக்க எல்லைக்கு (இறக்கிய நீரால் மட்டம் உயர்ந்த பரப்புக்கு) வெளியே எடுக்க வேண்டுமானால், அங்கே நீர்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 4 அடிக்கு மேல் இறங்காமல் இருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல். உங்கள் ஊரில் இப்படி விதி இல்லையென்றாலும் ஒரு எண்ணை நீங்களே வைத்துக்கொள்வது பக்கத்துக் கிணற்றுக்காரர்களோடு வரும் சண்டையைக் குறைக்கும்.

தரம்: கலப்பதற்கு ஆற்றுநீர் இருக்குமா?

நிலத்தடியில் ஆர்சனிக் கொஞ்சம் மிகுதியாக இருந்தால் ஆற்றுநீரோடு கலந்து சரிசெய்துவிடுவோம் என்று எழுதுவது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆற்றுநீரில் 2, கிணற்றுநீரில் 14 என்று வையுங்கள். ஆறு 60, கிணறு 40 சதவீதம் என்றால் கலவையில் 6.8, நிம்மதி. தட்டுப்பாடு முற்றி ஆறு 30, கிணறு 70 என்று மாறினால் 10.4. வரம்பு தாண்டியாயிற்று. எந்த ஆண்டுக்காகக் கிணறு தோண்டினோமோ அந்த ஆண்டில் கலக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே கலவைக் கணக்கை மிகக் கடுமையான படிக்கட்டில் போடுங்கள். அதில் தேறாத கிணற்றுக்கு இப்போதே ஆர்சனிக் நீக்கும் வடிப்பான் வையுங்கள், அல்லது கெட்ட அடுக்கை மட்டும் அடைக்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் அதைப் பாசன மாற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நிலத்துக்குள் நீரை இறக்குவதே தரத்தைக் கெடுப்பதும் உண்டு. உயிர்வளி நிறைந்த ஆற்றுநீர் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் கலந்த பாறைக்குள் போனால் ஆர்சனிக் கரைந்து வெளிவரும்; ஃபுளோரிடாவின் சுண்ணாம்புப் படுகைகளில் செலுத்து-மீட்புக் கிணறுகளில் இது பெரிய தலைவலியாக இருந்தது. பழைய வயல்மேல் கசிவுக் குளம் வெட்டினால், இடைப்பட்ட மண்ணில் தேங்கிய உர நைட்ரேட்டை முதல் நீர் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இரண்டுக்கும் சேமிப்புக் காலத்திலேயே சேம்பிள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மீட்பு தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தாமதம்.

வீட்டுக் குழாய்களும் இதில் ஒரு தரப்பு. 1992இல் டூசானில் நிலத்தடி நீருக்குப் பழகிய பழைய இரும்புக் குழாய்களில் சுத்திகரித்த ஆற்றுநீரை நேரடியாகத் திறந்தபோது, உள்ளே படிந்திருந்த துரு பெயர்ந்து பழுப்புநீர் கொட்டியது. 1994இல் அதை நிறுத்தினார்கள். நீங்கள் போவது எதிர்த்திசை, வேதியியல் ஒன்றுதான். மூலம் மாறினால் பி.எச்., காரத்தன்மை, குளோரைடு எல்லாம் மாறும். கழற்றிய பழைய குழாய்த் துண்டுகளில் கிணற்றுநீரைச் சில மாதம் ஓடவிட்டுப் பாருங்கள். மாற்றும்போது வாரத்துக்குப் பத்து சதவீதம் என்ற அளவில் படிப்படியாகப் போங்கள்.

மின்சாரம்

நொடிக்கு 50 லிட்டரை 120 மீட்டர் ஏற்ற, பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 65 சதவீதம் என்றால், ஒரு கிணற்றுக்குச் சுமார் 91 கிலோவாட். 13 கிணறுக்கு ஏறத்தாழ 1,180 கிலோவாட். ஒரு கன மீட்டருக்கு அரை யூனிட், 1.2 கோடி கன மீட்டருக்கு ஆண்டுக்கு 60 லட்சம் யூனிட். இந்தச் சுமையை ஒரே ஊட்டுத் தடத்தில் போட முடியுமா என்று மின்வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். வறட்சியான ஆண்டில் நீர்மின் உற்பத்தியும் குறையும் என்பதால் மின்வெட்டும் கூடவே வரலாம். கிணறு தோண்டுவதைவிட டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேர்வது தாமதமாகும் இடங்கள் உண்டு. தட்டுப்பாடு இல்லாத ஆண்டுகளில் இணைப்பைச் சும்மா வைத்திருக்கக் கட்டும் நிலைக்கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் மூன்றாம் ஆண்டில் யாராவது இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிடுவார்கள்.

எப்போது எதைத் தொடங்குவது

கொலராடோவில் 2026 வரையான நெறிகளின்படி அடுத்த ஆண்டின் வெட்டு ஆகஸ்ட் நடுவில் அறிவிக்கப்படும், ஜனவரி 1இல் அமலாகும். 2021 ஆகஸ்டில் முதல் தட்டுப்பாட்டு அறிவிப்பு வந்தபோது நிலைமை அதுதான்: நான்கரை மாதம். அந்த அவகாசத்தில் வால்வு திறக்கலாம், ஒப்பந்தத்தை உயிர்ப்பிக்கலாம். கிணறு தோண்ட முடியாது. எனவே அறிவிப்பிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கிணறு, மின்இணைப்பு, அனுமதி போன்றவை ஆண்டுக் கணக்கு. அணை மட்டம் எச்சரிக்கைக் கோட்டுக்கு இன்னும் மேலே இருக்கும்போதே, ‘இரண்டாண்டில் வெட்டு வர வாய்ப்பு’ என்ற கணிப்பிலேயே தொடங்க வேண்டும். மாற்று ஒப்பந்தங்களில் ‘எந்தப் படியில், எத்தனை நாள் முன்னறிவிப்பில், மாதத்துக்கு எவ்வளவு’ என்பதை முன்கூட்டியே நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நெருக்கடியில் உட்கார்ந்து பேசினால் கிணறு வைத்திருப்பவர் சொல்வதே விலை. மீட்பைத் தொடங்கச் சொல்லும் தூண்டுநிலைக்கு ஒரே ஒரு அளவை, எல்லோரும் பார்க்கும் ஒரு பொது அளவை, எடுத்துக்கொள்ளுங்கள். ‘குழு கூடி முடிவு செய்யும்’ என்றால் குழு கூடாது.

ஒத்திகை

ஐந்து ஆண்டு ஓடாத பம்ப், தேவைப்படும் நாளில் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய கிணற்றில் இரும்புப் பாக்டீரியா வளர்ந்து வடிகட்டியை அடைக்கும், மோட்டாரின் காப்பு ஈரம் குடிக்கும், வால்வு பிடித்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிணற்றையும் நீர் தெளியும்வரை ஓட்டுங்கள். முதலில் வரும் கலங்கல் நீரை விநியோகத்துக்கு அனுப்பாமல் வெளியே விட வழியும் இருக்க வேண்டும். அந்த வெளியேற்றுக் குழாயை மறந்துவிட்ட திட்டங்கள் ஏராளம். ஒவ்வொரு முறையும் நீரளவையும் இறக்கத்தையும் குறித்து, இறக்கத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை லிட்டர் கிடைக்கிறது என்று வகுத்துப் பாருங்கள். தொடக்க அளவிலிருந்து 15 முதல் 20 சதவீதம் குறைந்ததும் கிணற்றைத் தூர்வாருங்கள். 40 சதவீதம் குறையும்வரை விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கிணறுகளையும் ஒரே நேரத்தில் ஒரு வாரம் ஓட்டுங்கள். குழாய் அழுத்தம், மின்தடத்தின் தாங்குதிறன், குளோரின் கலக்கும் அமைப்பு மூன்றும் தங்கள் குறையைக் காட்டுவது அப்போதுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்று ஒப்பந்தத்தையும் சின்ன அளவில், உண்மையான கணக்கு மாற்றத்தோடு நடத்திப் பாருங்கள். காகிதத்தில் யார் யாருக்கு எழுத வேண்டும் என்பதே தெரியாமல் இரண்டு மாதம் போவதைப் பார்ப்பீர்கள்.

எடுக்கும் வேகமும் நிறுத்தக் கோடும்

கணக்கில் 6 கோடி கன மீட்டர், ஆண்டுக்குத் தேவை 1.2 கோடி, ஐந்து ஆண்டு வரும் என்று வகுத்துவிட்டுப் போவது தவறு. நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணறுகளின் திறன் குறையும், ஐந்தாம் ஆண்டின் 13 கிணறு முதல் ஆண்டின் 10க்குச் சமமாக இருக்கலாம். இரண்டு, ஐந்து, பத்து ஆண்டுத் தட்டுப்பாடு என்று மூன்று நிலைகளை நிலத்தடி நீர் மாதிரியில் ஓட்டிப் பாருங்கள். பத்தாண்டு நிலையில் தேறாவிட்டால், முதல் ஆண்டிலேயே பற்றாக்குறை முழுவதையும் கிணற்றால் நிரப்பாமல், ஒரு பங்கைச் சிக்கனத்தால் நிரப்புங்கள். எவ்வளவு என்பது அரசியல் முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர்களின் மேசையில் இந்த மூன்று கோடுகள் உள்ள வரைபடம் இருக்க வேண்டும்.

கண்காணிப்புக் கிணறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மட்டங்களை எழுதி வையுங்கள். முதல் மட்டத்தில் அந்தப் பகுதிக் கிணறுகளின் ஓட்டத்தைக் குறைத்து வேறு பகுதிக்கு மாற்ற வேண்டும். இரண்டாவதில் நிறுத்தியே ஆக வேண்டும். அளவீடு தானியங்கியாக நாள்தோறும் வரட்டும், ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை கையால் நாடா விட்டு ஒப்பிடுங்கள்; உணரி மெல்ல நழுவுவது யாருக்கும் தெரியாது.

ஆறு திரும்ப வந்ததும் கிணறுகளை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மறுபடி மூலம் மாறுகிறது, குழாய்த்துரு விஷயம் மீண்டும் தலைதூக்கும்.

மீட்டரும் ஏடும்

ஒரே கிணறு காலையில் சொந்த உரிமையில் நிலத்தடி நீரையும் மாலையில் சேமிப்புக் கணக்கிலிருந்து மீட்பையும் இறைக்கலாம். தண்ணீரைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. ஏடுதான் சொல்லும். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி மீட்டர், ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பு, எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை மாதத் தொடக்கத்திலேயே அறிவிப்பது என்று மூன்றையும் கட்டாயமாக்குங்கள். மாற்று மீட்பில் கூட்டாளியின் மீட்டர் அளவும் உங்கள் கால்வாய் மதகின் அளவும் மாதக் கடைசியில் ஒத்துப்போக வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அடுத்த மாதத்துக்குத் தள்ளாமல் அன்றே இரண்டு மீட்டரையும் கழற்றிப் பாருங்கள்.